ஆறடிப் பிள்ளை

“செட்டிபாளையத்துச் சேத்துக்குள்ள இருந்து ஆறடி ஆம்பிளை ஒருத்தனப் பிரசவம் பாத்தெடுத்தன் நஸீர். சேறுதான் தாய். சுகப்பிரசவம்!”

டல்சி மிஸி இப்படி அறிவித்ததும் மீன் நிறுத்துக்கொண்டிருந்த நஸீரின் தராசு ஒரு பக்கம் சாய்ந்தபடியே நின்றுவிட்டது.

“இந்த வயசில இவ்வளவு பெரிய பொய்யத் தூக்கினா இடுப்புப் பிடிக்கும் அக்கா,” என்றாள் எறிக்கா, நிமிராமலே. படியில் குந்தி மணலை மீனுக்குச் செதிள் எடுத்துக்கொண்டிருந்தாள்.

டல்சி நாற்பது வருடம் மருத்துவமாது. படுவான்கரையில் பாதிப்பேர் அவள் கையில் விழுந்தவர்கள். மீதிப்பேர் அவளுடைய சைக்கிள் மணி கேட்ட பயத்தில் தானாகவே பிறந்தவர்கள். தங்கை எறிக்கா அரசாங்கக் கச்சேரியில் பிறப்புப் பதிவு எழுதியவள். அக்கா ஐந்து கிலோ என்று ஊரெல்லாம் சொன்ன பிள்ளையை மூன்றே கால் என்று திருத்திவிட்டுத்தான் படுப்பாள். புளியந்தீவு வீட்டில் இப்போது இவர்கள் இரண்டு பேரும்தான்.

நஸீர் அன்று மீனோடு மட்டும் வரவில்லை. மகள் நஸ்ஹாவுக்காக டல்சியின் சைக்கிளை எடுத்துப்போகவும் வந்திருந்தான். ஆவணி மாதம் பாலத்தடியில் சைக்கிளோடு விழுந்து டல்சியின் மணிக்கட்டு வெடித்தது. அன்றே எறிக்கா சைக்கிளைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு வந்த மூன்று மாதத்தில் டல்சி வீட்டுக்குள் நடந்த நடைக்குச் சீமெந்துத் தரை அரை அங்குலம் தேய்ந்துவிட்டது. யன்னலுக்குப் போவாள், அடுப்படிக்குப் போவாள், திரும்ப யன்னலுக்கு வருவாள். கால் இரண்டும் அவளைக் கேட்காமலே எங்கோ புறப்பட்டுக்கொண்டிருந்தன. அப்போதுதான் தடைதாண்டி ஓட்டத்தின் விளம்பரம் கண்ணில் பட்டது. ஐந்து கிலோமீற்றர், பதினெட்டுத் தடை, வயதெல்லை இல்லை.

“ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள முடிச்சாத் திறப்பத் தா.”

“முடிக்காட்டி சைக்கிள் போகும். மறுகா அழப்படாது.”

ஓட்டத்தன்று டல்சி பனங்குத்தி மதிலில் ஏறினாள், கயிற்று வலையில் தொங்கினாள், மணல் மூட்டையைச் சுமந்தாள். நாற்பது வருடமும் செய்த வேலைதான். வேலி, வரம்பு, வாய்க்கால், சங்கிலி அறுத்த நாய். ஆனால் அப்போதெல்லாம் அந்தப் பக்கத்தில் ஒரு பெண் கதறிக்கொண்டிருப்பாள். எதைத் தாண்டினோம் என்பதே நினைவில் நிற்காது. இன்று அந்தப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை, இன்னொரு தடையைத் தவிர. ஒன்றுமில்லாததற்காகத் தாண்டுவதில் இப்படியொரு கொண்டாட்டம் இருக்குமென்று அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லையே! முழங்கால் சிராய்ந்தபோது சிரிப்பு வந்தது. கந்தோர் வேலையில் சட்டையில் கறை பட்டால் முகம் சுளிக்கிற பொடியன்கள்கூடச் சகதியில் உருண்டு, எழும்பி, ஒருவன் கையை ஒருவன் பிடித்துச் சிரித்தார்கள். மூன்று மாதத்தில் முதல்தடவையாகக் காலும் மனமும் ஒரே இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தன.

பதினாறாவது தடை நீச்சல். வெளியூரிலிருந்து வந்து கம்பு நட்டவர்களுக்கு, மாரியில் தண்ணீரைக் கடலுக்கு விட முகத்துவாரத்து மணலை வெட்டுவார்கள் என்பது தெரியாது. வெட்டியதும் வாவி வடிந்து, நீந்த வேண்டிய இடம் இடுப்பளவு சேறாகக் கிடந்தது. டல்சி வயிறு படப் படுத்துத் தவழ்ந்தாள். அவளுக்கு முன்னால் ஒரு நெட்டையன் நிமிர்ந்து நடக்கப் பார்த்துப் புதைந்துபோய் “அம்மா” என்று முனகினான். மற்றவர்கள் எப்போதோ கரையேறிவிட்டார்கள். அந்த முனகலைத் தாண்டிப்போக மட்டும் டல்சி பழகியிருக்கவில்லை.

“முக்காத மகன்! மூச்ச விடு. நான் சொல்லக்குள்ள மட்டும் முக்கு.”

அவன் தொடையோரமாகக் கையை விட்டுக் கிளறிக் காற்றுப் போக வழி செய்தாள். இருபது நிமிடம். ஒரு சப்பாத்தைச் சேற்றுக்குக் கொடுத்துவிட்டு வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தான். அவள் முடிவிடத்துக்கு வந்தபோது இரண்டு மணித்தியாலமும் பதினாலு நிமிடமும். குடையோடு நின்ற எறிக்கா கைக்கடிகாரத்தைத் திருப்பிக் காட்டினாள்.

“அந்த இருபது நிமிசத்தக் கழி எண்டு ஆறு நாளாக் கேக்கிறன் நஸீர்.”

“பிந்தினதுக்குப் புள்ளப்பெத்த கதை,” என்றாள் எறிக்கா.

“பொடியன்ட பேர் என்ன மிஸி?”

“பிறந்த புள்ளைக்கிட்ட ஆர் பேர் கேப்பாங்க?”

நஸீர் சிரித்துக்கொண்டே கை நீட்டினான். எறிக்கா திறப்பைக் கொடுத்தாள். பூட்டுத் திறந்தது. சைக்கிளைத் திருப்பும்போது மணி தானாக ஒருதரம் அடித்தது. டல்சி எழும்பி, இரண்டடி நடந்து, திரும்ப வந்து உட்கார்ந்தாள்.

“ஆறடி இரிக்காது நஸீர். அஞ்சரைதான்.”

நஸீர் திரும்பிப் பார்த்தான்.

“சேறும் முழங்கால் மட்டும்தான் போல. அவன் தானாத்தான் வந்திருப்பான். நான் பக்கத்தில கிடந்தன், அவ்வளவுதான். வயசு போயிட்டுது, பிந்திட்டன். கொண்டு போ.”

செதிள் சுரண்டும் சத்தம் நின்றது. சைக்கிளின் முன்சில்லு படலைக்கு வெளியே றோட்டில் நின்றது, பின்சில்லு இன்னும் வளவுக்குள்.

“நான் குடையோட முடிவிலயே நிண்டனான் எண்டு நினைக்கிறயா?” எறிக்கா மீனைப் பார்த்துத்தான் பேசினாள். “நீ எங்கயும் விழுந்து கிடப்பாய் எண்டு கண்டல் பத்தைப் பக்கத்தால பின்னுக்கே வந்தனான். கடைசியிலதான் குறுக்கால முந்திப் போனனான். அந்தச் சைக்கிள்ள இன்னொருக்கா விழுந்தா உன்ன நான் எப்பிடித் தூக்குவன் அக்கா?”

அவள் முழங்கைவரை ஒட்டியிருந்த செதிள்களில் வெயில் துண்டு துண்டாக மின்னியது.

“நடந்ததுதான் நஸீர். என்ட கண்ணால கண்டனான்,” என்றாள். பழக்கதோசத்தில் திருத்தவும் செய்தாள்: “ஆனா ஆறடி இல்ல. ஆறடிக்கும் மேல.”