குழாய் பார்க்க வந்த ஆசான்

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகால் மணிக்கு எங்கள் சிறையின் வாசலில் ஒரு மனிதர் வந்து நின்றார். வெள்ளை வேட்டி, தோளில் துவர்த்துத் துண்டு, கையில் துணிப்பை. பைக்குள் எண்ணெய்க் குப்பி, சீவிய மூங்கில் பத்தைகள், சுருட்டிய பழைய துணி, நாலு கோழிமுட்டை. பையைச் சோதித்தது நான்தான். அன்றைக்கு கேட் டியூட்டி எனக்கு. ஆளைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. மேற்கே இரண்டு தாலுகாவில் எலும்பு ஒடிந்தவர்கள் தேடிப் போகிற இஸ்ரவேல் ஆசான். என் மகன் ஸ்டெனி அயனிமரத்திலிருந்து விழுந்தபோது கை கட்டியவர். அவருக்குப் பின்னால் வந்த தலைமைக் காவலர் ஜாஸ்பின் என் மேசைமேல் குனிந்து மெதுவாகச் சொன்னார்.

“கிரேசி, ரெஜிஸ்டர்ல குழாய் ரிப்பேர்னு எழுது.”

பதினான்கு வருஷமாக இந்தக் காக்கியைப் போட்டிருக்கிறேன். வாசல் பதிவேடு என்றால் என்ன என்று எனக்கு யாரும் படிப்பிக்க வேண்டாம். உள்ளே போகிற ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வரி. பெயர், வந்த நேரம், எதற்காக வந்தார், போன நேரம், கையெழுத்து. பக்கங்களுக்கு எண் அடித்து, முத்திரை குத்தித்தான் எங்கள் கைக்கு வரும். ஒரு தாள் குறைந்தாலும் கேள்வி வரும். நான் பெயரை எழுதினேன், நேரத்தை எழுதினேன், ‘எதற்காக’ என்ற கட்டத்தில் பேனாவை நிறுத்தினேன். ஜாஸ்பின் அதைப் பிடுங்கித் தானே எழுதினார். “ரொம்ப வெப்ராளப்படாத பிள்ளே. ஜெயிலர் மேடம் சொன்னதாக்கும்” என்று சொல்லிவிட்டு ஆசானைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனார்.

எங்களுடையது பெண்கள் கிளைச் சிறை. எந்த ஊர் என்று எழுதமாட்டேன், எழுதினால் அதற்கும் ஒரு கேஸ் போடுவார்கள். பதினெட்டுப் பெண்கள், எல்லாரும் விசாரணைக் கைதிகள். யாருக்கும் தண்டனை ஆகவில்லை. அந்தப் பெண்களுக்கு மாதாமாதம் சர்க்கார் நாப்கின் அனுப்புகிறது. அட்டைப்பெட்டியாக முன்வாசலில் வரும், வந்ததற்குப் பதினெட்டு கைநாட்டு வாங்கப்படும், மறுநாள் அதே அட்டைப்பெட்டி ஜெயிலர் ஸ்மைலின் மேடத்தின் கொழுந்தன் கடைக்குப் போய்விடும். உள்ளே இருக்கிற பெண்களுக்குப் பழைய சேலைக் கிழிசல். அதைக் கழுவி உலர்த்தவும் ஒரு மறைவு கிடையாது, மதில் ஓரத்துக் கல்லில் எல்லார் கண்ணும் பட விரித்துப் போட வேண்டும். ஒரு பெண் இன்னொரு பெண்ணிடமிருந்து இதைத் திருடுவாளா? திருடுவாள். நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பெட்டிகள் வெளியே போகும்போது கேட்டில் நான் இருந்திருக்கிறேன். அதை எழுத வேண்டாம் என்றார்கள், நானும் எழுதவில்லை.

முத்துக்கனி சிறைக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. அண்டி ஆபீசில் முந்திரிக்கொட்டை உடைக்கிறவள், இருபத்தாறு வயசு. வேலித் தகராறில் கொழுந்தன் மண்டையில் மண்வெட்டிக் காம்பால் போட்டுவிட்டாள் என்று வழக்கு. பேச்சு பட்டென்று இருக்கும். போன சனிக்கிழமை அவளுடைய அக்கா மனு பார்க்க வந்தாள். கைதியைப் பார்க்க வருகிறதை எங்கள் பக்கம் மனு என்றுதான் சொல்வார்கள். கம்பிவலைக்கு அந்தப்புறம் அக்கா, இந்தப்புறம் முத்துக்கனி, நடுவில் நாலைந்து குடும்பத்துச் சத்தம். அந்தச் சத்தத்துக்கு மேலே இவள் கூவினாள். “எக்கா, இஞ்ச உடுதுணியைக் கீறித்தான் வைக்கோம். அடுத்த தடவ வரும்போ ரெண்டு பாக்கெட் வேண்டிட்டு வா. சர்க்கார் தாறதை இவிய வித்துத் தின்னுதாவ.” கம்பிவலைக்கு இரண்டு புறமும் எல்லாத் தலையும் திரும்பியது. மேடம் தன் அறை ஜன்னலைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

மனு முடிந்து எல்லாரும் போன பிறகு, சாயங்காலம் நாலு மணி இருக்கும், சமையல்கட்டு முற்றத்தில் ஜாஸ்பின் லத்தியோடு அவளைப் பிடித்துவிட்டார். முதல் அடி எனக்குக் கேட்கத்தான் செய்தது. பிறகு அவள் கேட்டை நோக்கி ஓடி வந்ததைப் பார்த்தேன். உள்கேட் திறந்து கிடந்தது. கலவரம் என்றால் உள்கேட்டைப் பூட்ட வேண்டும், விதி அதுதான். ஒரு பெண் அடி தாங்காமல் ஓடி வருவதற்குப் பெயர் கலவரமா? அப்போது அதை யோசிக்கவில்லை. பூட்டினேன். ஆறு மணிக்கு லாக்கப் எண்ணிக்கை எடுத்து, பதினெட்டு, சரி, என்று கையெழுத்தும் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை சபையில் பாவ அறிக்கை சொல்லும்போது என் வாய் அதன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. அன்றைக்கும் டியூட்டிக்கு வந்து கையெழுத்துப் போட்டேன். திங்கட்கிழமையும் போட்டேன். த்தூ, என்ன பிழைப்பு.

இரண்டு நாளில் அவளுடைய இடது கை முழங்கைக்குக் கீழே வீங்கிக் கறுத்துவிட்டது. ராத்திரியெல்லாம் அனத்துகிறாள் என்று மற்றப் பெண்கள் சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று நான் திங்கட்கிழமை மேடத்தின் முன்னால் போய் நின்றேன். “ஆஸ்பத்திரிக்குப் போனா டாக்டர் கேப்பா, எழுதுவா, கோர்ட்டுக்கு நகல் போவும். வீக்கம் வடியட்டு. நம்ம ஊருல இல்லாத ஆசானா?” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஸ்மைலின் என்று பேர் வைத்தவர்கள் தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள். முந்திரி உடைக்கிறவளுக்கு ஒரு கை கொட்டையைப் பிடிக்க வேண்டும், மற்றக் கை தட்ட வேண்டும். அந்த எலும்பு கோணலாகச் சேர்ந்துவிட்டால் அவளுக்குப் பிறகு என்ன இருக்கிறது?

ஆசான் உள்ளே அரைமணி நேரம்கூட இருக்கவில்லை. திரும்பி வரும்போது பை அப்படியே இருந்தது, முட்டைகூட உடையவில்லை. முகம் இறுகிப்போயிருந்தது. ஜாஸ்பினை மேடம் உள்ளே கூப்பிட்டிருந்தார், அதனால் கேட்டில் நாங்கள் இரண்டுபேரும்தான்.

“ஆசானே, கெட்டலியா?”

“கெட்டமாட்டேன். வழுக்கி விழுந்தாள்னு சொன்னாவ. விழுந்தா கையைத் தரையில ஊணுவா, மணிக்கட்டுப் பக்கம் ஒடியும். இது நடுவுல ஒடிஞ்சிருக்கு பிள்ளே, சுண்டுவிரல் பக்கத்து எல்லு. தலையில விழப்போன அடியைக் கையைத் தூக்கித் தடுத்திருக்கா. மூணு நாளும் ஆயாச்சு. இதுக்குப் படம் எடுத்துப் பாக்கணும். நான் தொட்டுக் கெட்டி, நாளைக்குக் கை விளங்காமப் போனா, ஆசான் கெடுத்தான்னு எனக்க தலையில வைக்கதுக்காக்கும் என்னை விளிச்சிருக்காவ.”

அவர் வெளியே போக வேண்டும் என்றால் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். சாதாரணமாக நான் விரலால் இடத்தைக் காட்டுவேன், வருகிறவர்கள் படிக்காமலே போட்டுவிட்டுப் போவார்கள். அன்றைக்கு நான் பதிவேட்டை முழுதாக அவர் பக்கம் திருப்பி வைத்தேன். “படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க ஆசானே” என்றேன். வேண்டுமென்றேதான் செய்தேன்.

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டி, வரியில் விரல் வைத்துப் படித்தார். விரல் நின்றது.

“ஆரு குழாய் ரிப்பேரு?”

“நீங்கதான்.”

“எனக்க அப்பன் ஆசான், அப்பனுக்க அப்பன் ஆசான். திருவனந்தபுரத்திலேருந்து காரு விட்டு வந்து எங்க முற்றத்தில காத்துக் கெடப்பாவ. நான் குழாய்க்காரனா? சவத்தெளவு, பேனாவை இஞ்ச தா.”

நான் தந்தேன். ‘குழாய் ரிப்பேர்’ என்பதைக் குறுக்கே ஒரே கோடாக அடித்தார். மேலே இருந்த சின்ன இடம் போதாமல் அடுத்த இரண்டு வரிகளையும் எடுத்துக்கொண்டார். கோணல்மாணலான எழுத்தில், நிறுத்தி நிறுத்தி, அவர் எழுதியது இதுதான்: ‘முத்துக்கனி என்ற பெண்ணின் இடது கை எலும்பு பார்க்க அழைத்தார்கள். ஒடிவு உண்டு. விழுந்த ஒடிவு இல்லை, அடி. நான் கட்டவில்லை. ஆஸ்பத்திரிக்குச் சொன்னேன். ஆசான் ச. இஸ்ரவேல்.’ தேதி போட்டார். பக்க எண் நூற்றுப் பதினேழு. பையை எடுத்துக்கொண்டு, வெயிலில் இறங்கி பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார்.

பத்து நிமிஷத்தில் மேடம் என் மேசைக்கு முன்னால் நின்று பதிவேட்டைப் படித்தார். பக்கத்தைக் கிழி என்றார். கிழித்தால் எண் உதைக்கும் என்றேன். மை ஊற்று என்றார். நாளைக்குப் புதன்கிழமை, சட்ட உதவி வக்கீல் வருகிற நாள், அந்தம்மா இதே பக்கத்தில் அடுத்த வரியில்தான் கையெழுத்துப் போடப் போகிறார், மை கொட்டிய இடம் என்னவென்று கேட்பார், நான் சொல்வேன் என்றேன்.

“ஒனக்கு ரெண்டு பிள்ளை இல்லியா கிரேசி? மாப்பிள்ளை குவைத்துல. இஞ்சேருந்து உன்னைத் தூக்கி வேலூர்ல போட்டா பிள்ளையள ஆரு பாப்பா?”

“அதை நான் பாத்துக்கிடுவேன் மேடம். முத்துக்கனியை இப்ப ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க.”

அனுப்பினார். வேறு வழியில்லை என்று கணக்குப் பார்த்துத்தான் அனுப்பினார். கைதியோடு இரண்டு பெண் காவலர்கள் போக வேண்டும். பகல் டியூட்டியில் நாங்கள் மூன்றுபேர், அதில் சுபிதா ஆறு மாதக் கர்ப்பிணி, அவளைக் கேட்டில் உட்கார வைத்துவிட்டு நானும் ஜாஸ்பினும் கிளம்பினோம். வேனில் ஏறும் முன் மேடம் முத்துக்கனியின் தோளைத் தட்டிக்கொடுத்தார். “வழுக்கி விழுந்தேன்னு சொல்லணும் மக்கா. வெள்ளிக்கிழமை ஒனக்க ஜாமீன் வருது. இஞ்சேருந்து ஒரு மோசமான பேப்பர் போனா ஜாமீன் கிட்டாது, கேட்டியா?”

வேனில் முத்துக்கனி எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தாள். ஒவ்வொரு குழிக்கும் கையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். ஜாஸ்பின் ஜன்னல் பக்கம் திரும்பி போனில் பேசுகிற நேரம் பார்த்து, “உள்ளதைச் சொல்லு பிள்ளே. நான் கூட இருக்கேன்” என்றேன். அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

அரசு ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் ஒரு சின்னப் பெண். முக்காட்டுக்கு மேல் ஸ்டெதஸ்கோப், கோட்டில் முப்ஷிரா என்று பெயர். எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார், எடுத்து வந்ததை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஆசான் விரலால் சொன்ன அதே இடம், நடுவில், சுண்டுவிரல் பக்கத்து எலும்பு. டாக்டர் விபத்துப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்.

“எப்படி ஆச்சு?”

“குளிமுறியில வழுக்கி விழுந்துட்டா டாக்டர்” என்றார் ஜாஸ்பின்.

“நான் இவங்கள்ட்ட கேட்டேன்.”

முத்துக்கனி தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். இவள் சொல்லப்போவதில்லை, வெள்ளிக்கிழமை ஜாமீன் இவள் வாயைக் கட்டிவிட்டது, பிறகு உள்ளதைச் சொல்ல எனக்கு இந்த ஜென்மத்தில் வாய்ப்பு இல்லை என்று தோன்றியது.

“விழல டாக்டர்” என்றேன். “அடி. இவங்க லத்தியால அடிச்சாங்க. நான் பாத்தேன்.”

ஜாஸ்பின் என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். நான் உதறினேன். உள்ளே என்னவோ இளகி, மூச்சு தாராளமாக வந்தது. பெரிய காரியம் செய்துவிட்டேன் என்று இருந்தது, பொய் சொல்வானேன். டாக்டர் என்னைப் பார்த்தார், பிறகு முத்துக்கனியின் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“நீங்க சொல்லுங்கம்மா. பயப்படாதீங்க.”

“சொன்னா எழுதுவியளா?” முத்துக்கனியின் குரல் கரகரத்திருந்தது.

“எழுதுவேன்.”

“முழுசும் எழுதணும். பாதி எழுதப்பிடாது.”

“முழுசும் எழுதுறேன்.”

முத்துக்கனி நிமிர்ந்து உட்கார்ந்தாள். வலது கையை நீட்டி ஜாஸ்பினைக் காட்டினாள்.

“அடிச்சது இவிய. மனுவுல அக்காட்ட நாப்கின் கேட்டதுக்கு. மூணு அடி முதுகுல, ஒண்ணு கையில. நான் ஓடினேன். கேட்டு தொறந்து கெடந்துது.” கை அப்படியே நகர்ந்து என் நெஞ்சுக்கு நேராக வந்து நின்றது. “அதைப் பூட்டினது இவிய. எக்கா, தொறங்கன்னு விளிச்சேன். கம்பியைப் பிடிச்சிட்டு ரெண்டு தடவ விளிச்சேன். எனக்க மூஞ்சைப் பாத்துட்டேதான் சாவியைத் திருப்பினாவ. அதுக்கு பெறவாக்கும் கையில அடி விழுந்தது. இவியளுக்க பேரும் எழுதுங்கோ.”

வெளியே யாரோ டோக்கன் எண்ணைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. ஆசானிடம் பதிவேட்டைத் திருப்பி வைத்ததைச் சொல்லலாம். மேடத்தை எதிர்த்து நின்றதைச் சொல்லலாம். இல்லாவிட்டால் நீ இந்த நாற்காலியில் இருந்திருக்கமாட்டாய் என்றுகூடச் சொல்லலாம். எல்லாம் நாக்கு நுனிவரை வந்தது. டாக்டர் முப்ஷிரா எழுதிக்கொண்டே போய், ஒரு இடத்தில் நிறுத்தி, தலையைத் தூக்கினார்.

“உங்க பேரு?”

“கிரேசி.”

“இனிஷியல்?”

“டி. கிரேசி. இரண்டாம் நிலைக் காவலர்.”

“நம்பர் உண்டா?”

நான் என் காவலர் எண்ணை இலக்கம் இலக்கமாகச் சொன்னேன். டாக்டர் எழுதினார். முத்துக்கனி என் முகத்தைப் பார்க்கவில்லை. வீங்கிய கையை மேசைமேல் வைத்துக்கொண்டு, பேனா ஒவ்வொரு இலக்கமாகப் போட்டு முடிக்கிற வரைக்கும் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.