கடிதத்துக்குப் பத்துச் சொல்

“பால்டி,” என்று டிரைவரின் தோளைப் பிடித்து உலுக்கினாள் ஷமீம் பானு. “கண்ண மூடாதீங்க. பால்டி, பால்டி.”

ஸ்டியரிங் மேல் சரிந்திருந்த தலை நிமிர்ந்தது. நெற்றி ரத்தத்தைத் துடைக்கவும் தெம்பில்லாத அந்த வடநாட்டுக்காரன், ஒரு கையைத் தூக்கிக் காற்றில் வாளி வரைந்து காட்டினான். உடனே இமைகள் மறுபடி இறங்கின.

அவன் மயங்கினால் இரண்டு பேருக்கும் கதை முடிந்தது. டெம்போவின் பின்சக்கரங்கள் சாலையை விட்டு அந்தரத்தில் தொங்கின. ஹேண்ட் பிரேக் அறுந்து கிடந்தது. கொல்லிமலையின் நாற்பத்தோராவது வளைவில் அந்த வண்டியைப் பிடித்து வைத்திருந்தது பிரேக் மேல் இருந்த அவனுடைய வலது கால் மட்டும்தான். கீழே முந்நூறு அடி.

மலையில் ஓட்டிப் பழகியவன் வளைவுக்கு முன் ஹாரன் அடித்து, பதில் வருகிறதா என்று ஒரு மூச்சு காத்திருப்பான். இவன் காத்திருக்கவில்லை. எதிரே இறங்கி வந்த பஸ்ஸைக் கண்டதும் பதறிப்போய்ப் பாறையில் இடித்து, வண்டியைப் பின்னால் விட்டுவிட்டான். அந்த பஸ்ஸில்தான் பானு, செம்மேட்டில் மிளகு விலை பேசி முடித்துவிட்டு பேளுக்குறிச்சிக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். டிரைவர் இந்தியில் முனகுவதைக் கேட்ட கண்டக்டர் மாணிக்கம் நேராக அவளிடம் ஓடி வந்தார். பாய் வீட்டுப் பெண்ணுக்கு இந்தி தெரியாமலா இருக்கும் என்பது அவர் எண்ணம். பானு வீட்டில் தலைமுறை தலைமுறையாகத் தமிழைத் தவிர வேறு பேசியதில்லை. ஆனாலும் அவளால் தெரியாது என்று சொல்ல முடியவில்லை. கொஞ்சம் தெரியும்.

எங்கே அடி என்று கேட்கத்தான் ஏறினாள். அவள் உட்கார்ந்ததும் வண்டி அரையடி நழுவியது. அவள் பக்கத்துக் கதவு பாறையில் போய் நசுங்கிக்கொண்டது. அவன் பக்கத்துக் கதவைத் திறந்தால் பள்ளம். உடைந்த முன்கண்ணாடி வழியே தப்பலாம் என்று எழுந்தபோதெல்லாம் வண்டி கிறீச்சிட்டு ஒரு விரற்கடை பின்னால் போனது. இரண்டு தடவைக்குப் பிறகு அவள் எழவே இல்லை.

பஸ்ஸில் கட்டி இழுக்கச் சங்கிலி இல்லை. பைக்கில் ஒருவர் செம்மேட்டுக்குப் போயிருந்தார். வர முக்கால் மணி நேரம் ஆகும்.

“கால மட்டும் எடுத்துற வேண்டாம்னு சொல்லுங்க, தாயி,” என்று முன்சக்கரத்துக்குக் கல் கொடுத்துக்கொண்டிருந்த எடப்புளி நாட்டு விவசாயி சின்னுசாமி குரல் கொடுத்தார். “ஈர மண்ணுல கல்லு நிக்க மாட்டீங்குது.”

அதை இந்தியில் எப்படிச் சொல்வது என்று பானு திணறுவதற்குள் டிரைவரின் முழங்கால் விறைத்து, பிரேக் இன்னும் ஆழமாக அழுந்தியது. கல் உருளும் சத்தத்தைக் கேட்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டாள்.

அவளுக்குத் தெரிந்த இந்தி முழுவதும் அவள் கணவன் ரமீஸ் தபாலில் அனுப்பியது. மூன்று வருடமாக ராய்ப்பூர் பக்கம் போர்வெல் லாரியில் வேலை. ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் பத்துச் சொல் எழுதுவான். இருநூறு சேர்ந்ததும் வந்து கூட்டிப்போகிறேன் என்று வாக்கு. பானு ஒவ்வொன்றையும் சீட்டில் எழுதி, சோற்றுப் பருக்கையால் அந்தந்தப் பொருளின் மேல் ஒட்டிவிடுவாள். உப்பு டப்பாவில் பேர் ஒட்டாவிட்டால் உப்பு கரிக்காதாக்கும் என்று மாமியார் சித்திகா நொடிப்பாள். இதுவரை நூற்றுத்தொண்ணூறு. இன்னும் ஒரே ஒரு கடிதம்தான். அதுதான் நாலு மாதமாக வரவில்லை.

இப்போதுதான் தன் தப்பு அவளுக்கு உறைத்தது. சீட்டு ஒட்ட முடிந்ததெல்லாம் தெரியும். ஒட்ட முடியாத எதுவும் தெரியாது. வலிக்கு இந்தி தெரியாது. பயத்துக்குத் தெரியாது. தூங்காதே என்பதற்குத் தெரியாது.

“நாம்?” என்று கேட்டாள். பேர் என்ற அந்தச் சொல்லை முகம் பார்க்கும் கண்ணாடியில் ஒட்டியிருந்தாள்.

அவன் தன் பேரைச் சொல்லவில்லை. கண்ணால் அவளைக் கேட்டான்.

“பானு. பேளுக்குறிச்சி.”

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிரேக்கில் கால் ஒரு கணம் தளர்ந்தது. வண்டி ஒரு குலுங்கு குலுங்கி நின்றது.

பானு யோசிப்பதை விட்டாள். மனசுக்குள் தன் வீட்டு வாசலில் போய் நின்று, ஒவ்வொரு சீட்டாகப் படித்துக்கொண்டு உள்ளே நடந்தாள். தர்வாஜா என்றாள், அவன் கதவு வரைந்தான். தாலா என்றாள்; பூட்டு வரைந்தான். சூலா, தவா, சம்மச், நமக் என்றாள்; அடுப்பு, தோசைக்கல், கரண்டி, உப்பு என்று வரைந்தான். சமையலறை முடிந்தது. காலி மிர்ச் என்றபோது விரல் நுனியில் ஒரு மிளகை உருட்டிக் காட்டி, மெல்லச் சிரித்தான். துணிக்கொடியும் கட்டிலும் பீரோவும் ஆயின. வீடு முடிந்ததும் மறுபடி வாசலுக்கு வந்தாள். நாலாவது சுற்றில் அவள் தொண்டை கட்டிப்போனது. குரல் அடங்கும்போதெல்லாம் அவன் தலை சாய்ந்தது. அதனால் நிறுத்தாமல் சொன்னாள்.

சங்கிலி வந்தது. மாணிக்கம் விசில் கொடுக்க, பஸ் பின்னோக்கி மேட்டில் ஏறி இழுத்தது. டெம்போ வயிற்றைத் தேய்த்துக்கொண்டு சாலைக்கு வந்து சேர்ந்தது.

அவனைச் சாக்கு விரித்துப் படுக்க வைத்தார்கள். பானு அவன் வாயில் தண்ணீர் ஊற்றினாள்.

“போதுமுங்க, பானுக்கண்ணு,” என்றான் அவன்.

தண்ணீர்ப் புட்டி அவள் கையிலேயே நின்றது. உலகத்தில் ஒரே ஒருவன்தான் அவளை அப்படிக் கூப்பிடுவான்.

“தமிழு...”

“ரமீஸண்ணன் சொல்லிக் குடுத்ததுங்க. மூணு வருசம் ஒரே லாரி. அவருக்குப் பத்துச் சொல்லு நான் குடுத்தா, எனக்குப் பத்து அவரு குடுப்பாரு. உங்களுக்கு வந்ததெல்லாம் நான் சொன்னதுதானுங்க.”

“அப்புறம் ஏன் வாயே தொறக்கல?”

“தொறந்திருந்தா நீங்க பேச்ச நிறுத்திருப்பீங்க. பேச்சு நின்னா என்ர காலு நழுவிருக்கும்.”

சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து அவளிடம் நீட்டினான். ரமீஸின் கையெழுத்து. ஒன்று முதல் பத்து வரை எண்கள் இருந்தன. ஏழு எண்களுக்கு எதிரில்தான் சொல் இருந்தது.

“எட்டாவது சொல்லு கேட்டுட்டுப் பக்கத்துல உக்காந்திருந்தாரு,” என்றான் அவன். “தந்தி குடுக்கறேன்னு முதலாளி சொன்னாரு. நானே நேர்ல போய்ச் சொல்றேன்னு தடுத்துட்டனுங்க. நாலு மாசமா கீழ டெம்போ ஓட்டிட்டிருந்தும் உங்க ஊட்டுக்கு வரத் தெகிரியமில்ல. அண்ணன் போன அன்னிக்கு வண்டிய ஓட்டுனது நானுங்க.”