உருளையில் கட்டிய கயிறு

அன்று மரத்தடியில் இருந்தவர்கள்: மரத்தின் மேல், இடுப்பு வாரில் தொங்கிக்கொண்டு, மாமா. என் அக்காவின் புருஷன், மரம் வெட்டும் இந்தத் தொழிலின் முதலாளி. மரத்தின் காலடியில் கயிற்றைப் பிடித்தபடி நான். தெருமுனையில் சிவப்புக் கொடி காட்டி வண்டிகளை நிறுத்திக்கொண்டு அக்கா. இறங்கும் கிளைகளை இழுத்து அடுக்குவதற்கு ரேடியோ. வாய் மூடாததால் அவனுக்கு அந்தப் பெயர். மடக்கு நாற்காலியில் சங்கத்துக்காரர். மரம் ஏறுகிறவர்களுக்கும் கயிறு பிடிப்பவர்களுக்கும் தொழில் அட்டை கொடுப்பவர், தேவைப்பட்டால் பிடுங்குபவர்.

அண்ணன் இல்லை. இடுப்பில் கம்பி வைத்து, வீட்டில் ஜன்னலோரம் கிடந்தான்.

எல்லோர் ஹெல்மெட்டிலும் ஹெட்செட் இருந்தது. ஒருவர் முணுமுணுத்தால் ஐந்து பேருக்கும் கேட்கும். அண்ணனின் விபத்துக்குப் பிறகு சங்கத்துக்காரர் சொல்லி மாமா வாங்கியது.

வீட்டுச் சுவர்களுக்கு நடுவே நிற்கிற மரத்தை அப்படியே சாய்க்க முடியாது. உச்சியிலிருந்து துண்டு துண்டாக அறுத்துக் கயிற்றில் இறக்க வேண்டும். அறுக்கப்போகும் துண்டில் கயிற்றைக் கட்டி, அறுக்கும் இடத்துக்குக் கீழே மரத்திலேயே ஒரு கப்பியை மாட்டி, கயிற்றை அதன் வழியாகக் கீழே கொண்டுவருவோம். மரத்தின் காலடியில் ஓர் இரும்பு உருளையைப் பட்டை போட்டுக் கட்டியிருப்போம். அதில் சில சுற்றுகள் சுற்றி, மிச்ச நுனியைக் கயிற்றுக்காரன் பிடித்துக்கொள்வான். துண்டு கழன்றதும் மரத்திலிருப்பவனைத் தாண்டிக் கீழே பாயும். அந்தக் கணத்தில் கயிறு ஓட வேண்டும். ஓட விட்டு, பஸ்ஸை நிறுத்துவது போல மெல்ல மெல்லப் பிடிக்க வேண்டும். ஓட விடாமல் உருளையில் கட்டிப்போட்டால், துண்டின் எடை பல மடங்காகி மரத்தண்டை வெடுக்கென்று இழுக்கும். அந்தத் தண்டில்தான் மேலே ஒருவன் தன்னைக் கட்டிக்கொண்டு நிற்கிறான்.

போன வருஷம் மேலே நின்றவன் அண்ணன். கயிற்றைப் பிடித்தவர் மாமா. மரத்துக்கு நேர் கீழே ஒரு வீட்டின் கண்ணாடிக் கூரை. ரேடியோ பெட்ரோல் வாங்கப் போயிருந்தான், அக்கா தெருமுனையில் இருந்தாள். துண்டு விழுந்ததும் தண்டு வில்லாக வளைந்து நடுவில் பிளந்தது. பிளவு விரிய விரிய இடுப்பு வார் இறுகி, அண்ணனை மரத்தோடு சேர்த்து நசுக்கியது.

துண்டில் அவன் போட்ட முடிச்சு அவிழ்ந்துவிட்டது என்றார் மாமா. ஆட்கள் ஓடி வந்து பார்த்தபோது முடிச்சு அவிழ்ந்துதான் கிடந்தது. சங்கத்துக்காரர் அண்ணனின் அட்டையை வாங்கிக்கொண்டார், ஆயுளுக்கும். மரம் ஏறுகிறவனைப் பார்த்து உனக்கு முடிச்சுப் போடத் தெரியவில்லை என்பதும், சமையல்காரனைப் பார்த்து நீ விஷம் வைத்தாய் என்பதும் ஒன்றுதான். கயிறு ஓடவே இல்லை என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் அண்ணன் எல்லோரிடமும் சொன்னான். மேலே இருந்தவனுக்குக் கீழே நடந்தது எப்படித் தெரியும் என்று கேட்டார் மாமா. கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார். அக்கா புருஷன் பக்கம் நின்றாள்.

அப்போது நான் ஒரு கம்பெனியில் ராத்திரி ஷிப்ட். விபத்து நடந்த பகலில் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினேன். மறுநாள் அந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். கண்ணாடிக் கூரையில் ஒரு கீறல் இல்லை. முடிச்சு அவிழ்ந்திருந்தால் துண்டு அதைப் பொத்துக்கொண்டு வீட்டுக்குள் போயிருக்கும். துண்டோ பக்கத்துப் புல்லில், யாரோ தாலாட்டி இறக்கியது போலப் படுத்திருந்தது. அடியில் மண் கொஞ்சம்கூடக் குழியவில்லை. சங்கத்துக்காரரிடம் சொன்னேன். வீட்டுக்காரர் அதிர்ஷ்டசாலி என்றார்.

கம்பெனி வேலையை விட்டேன். மாமாவிடமே வேலை கேட்டேன். வாய் திறக்காமல் கிளை பொறுக்கினேன். இரவில் கட்டில் காலில் கயிற்றைச் சுற்றி ஓட விட்டுப் பிடித்துப் பழகினேன். கட்டில் ஆடி வலிக்கிறது என்று அண்ணன் திட்டினான். எதற்காகப் பழகுகிறேன் என்று அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கடைசியில் மாமாவே கயிற்றை என் கையில் கொடுத்தார். மாப்ள கை பட்டாலே கட்டை பூ மாதிரி இறங்குது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையடித்தார். எனக்கு வேண்டியது அந்த நம்பிக்கைதான்.

மரம் ஏற ஆள் கிடைக்காததால் அவரே ஏற ஆரம்பித்தார். அட்டைகளைப் புதுப்பிக்கும் முன் எங்கள் வேலையை ஒரு மரத்தில் பார்க்க வேண்டும் என்று சங்கத்துக்காரர் வந்து உட்கார்ந்தார். மாமா மேலே, கயிறு என் கையில், சங்கத்துக்காரரின் காதில் ஹெட்செட். மூன்றும் சேர்ந்து இன்னொரு முறை வாய்க்கும் என்று நான் நினைக்கவில்லை.

மாமா உச்சித் துண்டைப் பாதிக்கு மேல் அறுத்துவிட்டார். இனி அவரால் அதை அப்படியே விட்டுவிட்டு இறங்க முடியாது. தலைக்கு மேல் நிற்கிற துண்டு காற்றடித்தால் தானாகவே முறிந்து வரும்.

"மாமா, ரம்பத்தை நிறுத்துங்க. கொஞ்சம் கீழ பாருங்க."

பார்த்தார். உருளையில் இரண்டு சுற்று இருந்தது. அது நிறையும்வரை சுற்றினேன். உருளையின் பக்கத்தில் கொம்பு போல நீட்டியிருக்கும் கம்பியில் நுனியை மாட்டி முடிச்சிட்டேன்.

"கட்டிட்டேன். இனி ஓடாது. அறுங்க."

முதலில் பேசியது ரேடியோ. "டேய், அது ஓடணும்டா. எனக்கே தெரியுதே."

"விளையாடாத மாப்ள," என்றார் மாமா. "அவுத்து விடு."

"எதுக்கு? ஓடாட்டி என்ன ஆகும்?"

"மரம் பிளக்கும்."

"கீழ இருக்கறவன் கட்டினது மேல இருக்கறவனுக்கு எப்படித் தெரியும் மாமா? தெரியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

மாமாவின் மூச்சு எல்லோர் காதிலும் கேட்டது. காற்று அசைந்தது. பாதி அறுபட்ட துண்டு ஒரு முறை முனகியது. அவர் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அதைப் பார்க்க எனக்கு நன்றாகவே இருந்தது.

நாற்காலி சாய சங்கத்துக்காரர் எழுந்து என்னை நோக்கி வந்தார். அப்போது அக்காவின் குரல் கேட்டது.

"நில்லுங்க சார். அவர் பதில் சொல்லட்டும்."

சங்கத்துக்காரர் நின்றார். தெருமுனையில் அக்கா கொடியைத் தாழ்த்தியிருந்தாள். ஏதோ ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

"கட்டினேன்," என்றார் மாமா. "கண்ணாடி உடைஞ்சிடும்னு கட்டினேன். கொஞ்சம் சரிஞ்சாலும் கூரை போயிருக்கும்."

"முடிச்சு?" என்று கேட்டாள் அக்கா.

"கட்டையை ஓரமா இறக்கிட்டு நான்தான் அவுத்தேன்."

"அவன் கத்தலையா?"

"கத்தினான்."

"கத்திட்டிருக்கும்போதா கட்டையை இறக்கினீங்க?"

மாமா முகத்தை மரத்தில் புதைத்துக்கொண்டார். எனக்கே அது புதுச் செய்தி. மண் குழியாமல் ஒரு கட்டையை இறக்க எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். அவ்வளவு நேரமும் அண்ணன் வாரில் நசுங்கிக்கொண்டிருந்திருக்கிறான்.

முடிச்சை அவிழ்க்க என் கை தானாக நகரவில்லை, அனுப்ப வேண்டியிருந்தது. அவிழ்த்தேன். இரண்டு சுற்று மிஞ்சும்வரை கழற்றினேன். அறுங்க என்றேன். அவர் நம்பவில்லை. ஆனால் வேறு வழியும் இல்லை. ரம்பம் உறுமியது. துண்டு மடங்கி அவரைத் தாண்டிப் பாய்ந்தது. வேண்டியதைவிட அதிகமாகவே ஓட விட்டேன், கயிறு கையைவிட்டுப் போய்விட்டது என்று அவர் நினைக்கட்டும் என்று. பிறகு பிடித்தேன். துண்டு புல்லில் வந்து உட்கார்ந்தது.

மாமா இறங்கியதும் சங்கத்துக்காரர் அவர் அட்டையை வாங்கினார். அடுத்து என்னிடம் கையை நீட்டினார். கேட்பார் என்று தெரியும், எடுத்தே வைத்திருந்தேன். அண்ணனின் அட்டை வீட்டுக்கு வரும் என்றார். அதற்குள் ரேடியோ அண்ணனுக்குப் போன் போட்டு முழுவதையும் ஒலிபரப்பிவிட்டு, போனை என்னிடம் நீட்டினான்.

"கடைசில துண்டை இறக்கறப்ப எத்தனை சுத்து வெச்ச?" என்று கேட்டான் அண்ணன்.

"ரெண்டு."

"சரி," என்று வைத்துவிட்டான்.

சாயங்காலம், கயிறும் ரம்பமும் வைக்கிற சாமான் அறைக்குப் போனோம். மாமா இடுப்பு வாரைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அக்கா கையை நீட்டினாள். சாவிக்கொத்திலிருந்து அறைச் சாவியை மட்டும் கழற்றி அவள் கையில் வைத்துவிட்டு அவர் வெளியே போனார். கேட் வரை போய் நின்றார். அவள் பார்க்கவில்லை. அப்புறம் கேட்டையும் தாண்டிப் போய்விட்டார்.

நான் கயிற்றைச் சுருட்டிக் கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தேன்.

"நீயும் போ," என்றாள் அக்கா.

"நானா?"

"காத்து கொஞ்சம் பலமா அடிச்சிருந்தா?"

பொய் சொல்லியிருக்கலாம். அன்றைக்குப் பொய் போதும் என்று தோன்றியது.

"அடிக்கட்டும்னுதான் நின்னேன்க்கா."

தலையாட்டினாள். தெரிந்ததைத்தான் கேட்டிருக்கிறாள். "சாவி இனிமே உன் அண்ணன்கிட்ட இருக்கும். யார் உள்ள வரலாம்னு அவன் சொல்வான். இப்ப போ."

கையில் ஒட்டியிருந்த மரத்தூளைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். எனக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினாள். பூட்டை இரண்டு முறை இழுத்தும் பார்த்தாள்.