ஒரு பையனுக்கு ஒன்றே கால் பெண்

ஒன்பதாம் வகுப்பில் பெண்கள் முப்பது பேர், பையன்கள் இருபத்து நாலு பேர். கணக்கெடுக்க வந்த மேரியின் டேப்லெட் வகுத்துச் சொன்னது: ஒரு பையனுக்கு ஒன்றே கால் பெண். கல்விக் கணக்கெடுப்பில் மாவட்டத்திலேயே தன் பள்ளிதான் உச்சம் என்று தலைமையாசிரியர் முனிரத்தினம் பூரித்தார். பையன்கள் ஏன் குறைவு என்று மேரி கேட்டாள். செவிலிமேட்டில் இங்கிலீஷ் மீடியம் வந்துவிட்டதாம். பணம் கட்டி அங்கே அனுப்புகிறார்களாம். பெண்களை? அவர் டீ சொல்லப் போனார்.

விதிப்படி ஒரு வீட்டையும் பார்க்க வேண்டும். பட்டியலில் முதல் பெயர், காவேரி. பதினோரு மணிக்குப் போனாள்.

காவேரி தறியில் இருந்தாள். காலையில் பள்ளிக் கேமராவில் முகம் காட்டி வருகை பதிந்த அதே பெண். யூனிஃபார்மைக்கூட மாற்றாமல், அப்பா குப்புசாமி பக்கத்தில் உட்கார்ந்து சேலைக் கரைக்கு இழை ஓட்டும் நாடாவைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

குப்புசாமி எதையும் மறைக்கவில்லை. கரை சேர்க்க இரண்டாவது ஆள் வேண்டும். கூலிக்கு ஆள் இல்லை. மகன் வேனில் செவிலிமேடு போகிறான்.

"டெய்லி ஸ்கூலுக்குப் போய்க்கினுதாம்மா இருக்குது. அட்டெண்டன்ஸ் விழுந்ததும் வந்துடும். சாரே அனுப்பிடுவாரு. நல்ல மனுஷன்."

அந்தத் திருப்தியான முகத்தைப் பார்க்கவே மேரிக்கு அருவருப்பாக இருந்தது.

போன் வந்து அவர் வெளியே போனதும் காவேரி கிசுகிசுத்தாள்.

"அக்கா, நான் படிக்கலன்னு எழுதிடுங்க. படிப்ப நிறுத்துன பொண்ணுங்கள ஹாஸ்டல் ஸ்கூல்ல சேத்துக்கிறாங்களாமே. அங்க தறி இல்ல."

மேரி எழுதினாள். டேப்லெட் ஏற்கவில்லை: இன்று வருகை பதிவாகியுள்ளது. மேலதிகாரி ஜெயக்குமாரை அழைத்தாள். முகம் பதிவானால் படிக்கிற பெண்தானாம். தொடர்ந்து முப்பது நாள் பதிவாகாவிட்டால்தான் படிப்பை விட்டவளாம்.

"மாவட்டத்துக்கே நல்ல நம்பர் வருது. ஒரு பொண்ணுக்காக அத நாறடிக்காதம்மா."

போனைத் துண்டித்தாள். வாசலில் செருப்புச் சத்தம். குப்புசாமி திரும்பி வந்துகொண்டிருந்தார். மேரி சட்டென்று காவேரியின் காதருகே குனிந்தாள். பத்து வருடமாக வீடு வீடாகப் போய், பெண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள் என்று கெஞ்சிய வாய் அது.

"நாளையிலேருந்து முப்பது நாள் ஸ்கூல் பக்கமே போகாத. அந்தக் கேமராவுல மூஞ்சியக் காட்டாத. முப்பத்தோராம் நாள் நானே வந்து எழுதறேன். அப்பா திட்டுவாரா?"

காவேரி நாடாவைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"சந்தோஷப்படுவாருக்கா. காலைல ஒரு மணி நேரம் கூடுதலா தறி ஓடும்."