தினமும் கிரீஸ் அடிப்பவன்

புது வண்டி என் சகலைக்குப் போனது. சொல்லும்போதே இன்னும் வயிறு எரிகிறது, அதனால் முதலிலேயே சொல்லித் தொலைத்துவிடுகிறேன். இந்த முதலாளியிடம் பதினேழு வருஷமாக டயருக்குப் பதில் இரும்புச் செயினில் நகரும் மண் வெட்டும் வண்டி ஓட்டுகிறவன் நான். சகலை என் மனைவியின் தங்கையைக் கட்டியவன், வேலைக்கு வந்து முழுசாக மூன்று வருஷம் ஆகவில்லை. கொண்டுவந்து சேர்த்துவிட்டவனும் நான்தான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"அந்தப் பழைய வண்டி உங்க கைக்குத்தான் அடங்கும். வேற யாராலயும் முடியாது," என்றார் முதலாளி. பாராட்டுகிற மாதிரியே மூக்கை உடைப்பதில் அவர் கெட்டிக்காரர்.

புது வண்டி என்றால் எங்களுக்குப் புதுசு. எவனோ நாலு வருஷம் ஓட்டிவிட்டு விற்றது. ஆனாலும் கேபினில் ஏசி உண்டு. என் வண்டிக்குக் கதவையே கயிறு போட்டுத்தான் கட்டியிருக்கிறது. மதியம் சகலை சட்டை மடிப்புக் கலையாமல் இறங்கி வருவான். நான் புழுதியில் புரண்டு எழுந்தவன் மாதிரி வருவேன். "அண்ணே, உள்ள வந்து கொஞ்ச நேரம் உக்காருங்களேன், ஜில்லுன்னு இருக்கு," என்று அன்பாக வேறு கூப்பிடுவான். அந்த அன்பைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்த வண்டியில் குறை தேடினேன். ஒரு மாசம் ஒன்றும் அகப்படவில்லை. அப்புறம் ஒரு வாரம், ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று மூன்று நாளும் காலையில் சகலை கிரீஸ் கன்னோடு இடது செயினுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான்.

செயின் தொய்ந்தால் அது சுற்றி ஓடும் இரும்புச் சட்டத்துக்குள் இருக்கும் டென்ஷன் சிலிண்டருக்குக் கிரீஸ் அடிப்போம். அது முன் சக்கரத்தை முன்னால் தள்ளும், செயின் இறுகும். மாசத்துக்கு ஒரு தடவை அடித்தாலே அதிகம்.

"பாருங்கய்யா, வண்டிய வச்சுக்கிறதுன்னா இப்படி வச்சுக்கணும்!" என்று முதலாளி எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். "தினமும் கிரீஸ் அடிக்கிறான்!" எல்லாரையும் கூப்பிட்டாரே ஒழிய, பார்த்தது என்னை.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தினமும் அடித்தால், அடித்ததெல்லாம் எங்கே போகிறது? செவ்வாய்க்கிழமை மதியம் சும்மா போகிறவன் மாதிரி அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். முன் சக்கரத்துக்குப் பின்னால் சட்டத்தின் ஓரமாகக் கிரீஸ் வழிந்து, அதில் மண் அப்பியிருந்தது. காலையில் விறைப்பாகக் கிளம்பிய செயின் ஒரு சாண் தொங்கிக்கொண்டிருந்தது. வண்டியைப் பின்னால் எடுக்கும்போது பின்பக்கப் பல் சக்கரத்தில் ஏறிக் குதித்து 'கடக்' என்றது. சிலிண்டரின் சீல் போய்விட்டது. இனி எவ்வளவு அடித்தாலும் ஓட்டைக் குடத்தில் தண்ணீர்தான்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சமதரையில், எல்லார் முன்னாலும், செயின் கழன்று விழட்டும். தினமும் கிரீஸ் அடிக்கிறவன் முகத்தில் கரி பூசட்டும். முதலாளி சாவியை என்னிடம் கொடுக்கட்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

வியாழக்கிழமை காலை முதலாளி வந்து, "சரிவுல குறுக்க வெட்டணும். புது வண்டி மேல போகட்டும்," என்றார். சரிவுக்குக் கீழே இரண்டு ஆள் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கும் பள்ளம். சரிவில் செயின் கழன்றால் வண்டி நிற்காது, ஆளோடு உருளும்.

சொல்லிவிடு என்றது மனசு. இப்போது சொன்னால், ஏன் முந்தாநாளே சொல்லவில்லை என்று கேட்பார்களே என்றது அதே மனசு. சகலை என்னைப் பார்த்துக் கையாட்டிவிட்டு ஏறினான். நான் என் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றேன். பாதிச் சரிவு ஏறிவிட்டான். திரும்புவதற்கு வளைத்தான். 'கடக்'. உடனே இன்னொரு 'கடக்'.

"டேய் திருப்பாத! பக்கெட்ட ஊனு! ஊனுடா!" கத்திக்கொண்டே ஓடினேன். என் தொண்டை அப்படிக் கத்தும் என்று எனக்கே தெரியாது.

வேறொருவன் என்றால் என்ன ஏது என்று எட்டிப் பார்த்திருப்பான். நான் சொன்னால் ஏன் என்று கேட்டே பழகாதவன் அவன். மண் அள்ளும் பக்கெட்டைத் தரையில் குத்தி அழுத்தினான். அடுத்த நொடி இடது செயின் முன் சக்கரத்திலிருந்து நழுவி விழுந்தது. வண்டி ஒரு முழம் சறுக்கி, பக்கெட்டின் பிடியில் நின்றது. சகலை இறங்கி வந்து என்னைக் கட்டிக்கொண்டான்.

"சத்தத்த வச்சே கண்டுபிடிச்சிருக்கார்யா மனுஷன்!" என்றார் முதலாளி. சகலையே முந்திக்கொண்டு, "ரிப்பேர் முடிஞ்சதும் அண்ணன்கிட்டயே குடுத்துடுங்க. எனக்கு அந்த வண்டியப் படிக்கத் தெரியல," என்றான். அங்கேயே சாவி என் கைக்கு வந்தது.

சாயங்காலம் கொழுந்தியாள் வீட்டுக்கு வந்து, "மாமா, நீங்க மட்டும் இல்லேன்னா..." என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் போனதும் என் மனைவி கதவைச் சாத்திவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"முந்தாநாள் பாட்டு முணுமுணுத்துக்கிட்டே குளிச்சீங்களே. ஒரு மாசமா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டிருந்த மனுஷனுக்கு என்ன வந்துச்சுன்னு நெனச்சேன். வண்டில கோளாறுன்னு அன்னிக்கே தெரியும், இதுதானா?"

நான் தலையாட்டினேன்.

"அவன் மேல ஏறும்போதும் பாத்துக்கிட்டுத்தான் நின்னீங்களா?"

"பாதி வரைக்கும்," என்றேன்.

அவள் கத்தவில்லை, அழவில்லை. தன் போனை எடுத்து, தங்கை வீட்டு நம்பரை அழுத்தி, என்னிடம் நீட்டினாள். "நீங்களே சொல்லுங்க."

மணி இரண்டு தடவைகூட அடிக்கவில்லை. சகலைதான் எடுத்தான்.

"அண்ணே! சாப்டீங்களா?"