கீழே விட்ட ஒரு முழம்

மத்தியானச் செய்தியில் கப்பலைக் கடற்படை மீட்டுவிட்டது என்று வாசித்ததும், பத்தொன்பதாவது பிளாக்கில் எங்கள் நிலக்கரிச் சுரங்கக் குவார்ட்டர்ஸ் வாசலில் நின்ற கூட்டம் கைதட்டியது. என் மனைவி சுப்புலட்சுமி உள்ளே ஓடிச் சர்க்கரை டப்பாவை எடுத்துவந்து ஒவ்வொருவர் கையிலும் கொஞ்சம் போட்டாள். ஆதிலட்சுமி மட்டும் தன் பங்கை வாயில் போடாமல் முந்தானையில் முடிந்துகொண்டாள். கொள்ளைக்காரர்கள் பிடித்து வைத்திருந்த அந்தச் சரக்குக் கப்பலில்தான் அவள் புருஷன் பெரியண்ணன் வெல்டராக இருந்தான். மூன்று நாளாக அவள் எங்கள் வீட்டிலேயே கிடந்தாள். கம்மாபுரம் பக்கத்தில் அவர்கள் தெருவில் ரேடியோ கிடையாது என்பது ஒரு காரணம். திட்டுவதற்கு என்னை விட்டால் ஆள் இல்லை என்பது இன்னொன்று.

கைதட்டலில் செய்தியின் மிச்சம் யார் காதிலும் விழவில்லை. நான் ஜன்னலோரம் ரேடியோவில் காதை ஒட்டவைத்துக்கொண்டு நின்றதால் எனக்கு மட்டும் கேட்டது. இயந்திர அறைக் கதவை உள்ளிருந்து வெல்டு வைத்து மூடிக்கொண்டு பதுங்கிய பதினொரு பேர் இன்னும் உள்ளேயே இருக்கிறார்கள். காற்றுக் குழாய்களைக் கொள்ளையர் உடைத்து அடைத்துவிட்டதால் அவர்கள் நிலை கவலைக்கிடம். கதவை வாயுச் சுடரால் வெட்டும் முயற்சி பலனளிக்கவில்லை. அடுத்ததாகக் கரும்பு விலை பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

 கேஸ் சுடரால் வெட்ட முடியாத வெல்டு எது என்று எனக்குத் தெரியும். அந்த வெல்டிங் ராடு பாக்கெட்டைப் பெரியண்ணனுக்குக் கொடுத்தவனே நான்தான்.

பெரியண்ணனும் நானும் சுரங்கத்து வொர்க்ஷாப்பில் எட்டு வருஷம் பக்கத்துப் பக்கத்தில் குந்தி வெல்டு வைத்தவர்கள். நான் பர்மனென்ட், அவன் கான்ட்ராக்ட். மண் தோண்டுகிற எங்கள் ராட்சத மிஷினின் சக்கரத்தில் வரிசையாக பக்கெட்டுகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் நாலு பேர் உட்கார்ந்து சீட்டு ஆடலாம். எங்கள் ஊர் மண் அந்த இரும்பையே பென்சில் சீவுகிற மாதிரி சீவித் தள்ளிவிடும். அதனால் தேய்ந்த பக்கெட்டின் முகத்தில், சாதாரண இரும்பைவிடப் பலமடங்கு கடினமான ராடை வைத்துக் குறுக்கும் நெடுக்குமாக வெல்டு வரி ஓட்டுவோம், கோலத்துக்குக் கட்டம் கட்டுவது போல. அந்த வரியில் ரம்பம் ஏறாது, கேஸ் சுடர் பட்டால் பொறிதான் திரும்பி மூஞ்சியில் அடிக்கும். கீழே ஒரு முழம் மட்டும் வெறுமையாக விட்டுவிடுவோம். மண்ணைக் கடிக்கிற இரும்புப் பல்லை அங்கேதான் மாட்ட வேண்டும்.

வரி ஓட்டுவதில் பெரியண்ணன் என்னைவிடக் கெட்டிக்காரன். இதை அவனிடம் நான் சொன்னதே கிடையாது. "என்னடா இது, எருமை மூத்திரம் பேஞ்ச மாதிரி கோணலா ஓடுது?" என்றுதான் சொல்வேன். அவன் கண்ணாடியைத் தூக்கிவிட்டுச் சிரிப்பான். எட்டு வருஷமாகியும் அவனுக்கு பர்மனென்ட் வரவில்லை. மெட்ராஸ் ஏஜென்ட் ஒருவன் கப்பலுக்கு வெல்டர் தேடுகிறான் என்று கேள்விப்பட்டு, "போடா, உலகத்தைப் பாத்துட்டு வா" என்று தூண்டிவிட்டவன் நான். கடலூர் கடலைக்கூட எட்டிப் பார்த்திராதவன் அவன். ஈரம் பட்டதென்று ஸ்டோரில் கழித்துப்போட்ட ராடு ஒரு பாக்கெட்டை வெயிலில் காயவைத்து, வழியனுப்பும்போது கொடுத்தேன். ஊர் ஞாபகமாகப் பிரிக்காமலே வைத்திருக்கிறேன் என்று கடிதம் எழுதியிருந்தான்.

ஆதிலட்சுமியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் அழவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னா சொல்ற நீ? காப்பாத்த வந்தவங்களே தொறக்க முடியாத மாதிரி பூட்டிக்கினு குந்திகினுகிதா அது?"

"ஆமாம்மா."

"நீ குடுத்த ராடுதான? நீயே தொறந்து வுடுண்ணே."

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடற்படைக்காரர்கள் கதவின் வெளிப்பக்கம் நிற்கிறார்கள். உள்பக்கம் வரி எங்கெங்கே ஓடுகிறது என்று அவர்களுக்குத் தெரியாது. உலகத்தில் அது தெரிந்தவன், உள்ளே கிடக்கிறவனை விட்டால், நான் ஒருத்தன்தான்.

கப்பல் கம்பெனியின் மெட்ராஸ் நம்பர் அவள் வைத்திருந்த ஏஜென்ட் கடிதத்தில் இருந்தது. அவளை சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துத் தபாலாபீசுக்கு மிதித்தேன். எல்லாவற்றிலும் அவசரமான லைட்னிங் கால் போட்டும் லைன் கிடைக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. எடுத்த குமாஸ்தா, "நீங்க கப்பல்ல வெல்டரா?" என்றான். "இல்லீங்க, சுரங்கத்துல" என்றேன். சிரிக்கிறானா எரிச்சல்படுகிறானா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. நான் கத்தினேன். தபாலாபீசே திரும்பிப் பார்க்கிற மாதிரி, "அந்தக் கதவு எனக்குத் தெரியும்யா!" என்று கத்தினேன்.

போன் கைமாறியது. நிதானமான ஒரு கனத்த குரல். "நான் நேவி. கப்பலோட வயர்லெஸ்ல பேசிட்டிருக்கேன். ஒவ்வொண்ணா சொல்லுங்க, எழுதிக்கறேன்."

சொன்னேன். கட்டம் எத்தனை விரற்கடை, வரி எத்தனை கனம், எதனால் கேஸ் எடுக்காது, கீழே எங்கே வெறும் தகடு. அவர் எழுதியதை எனக்கே திருப்பி வாசித்துக் காட்டினார். "அடியிலேர்ந்து ஒரு முழம், வெல்டு இருக்காது. சரிதானே மிஸ்டர் மாடசாமி?"

"சரிங்க சார். ஆனா அது எங்க பழக்கம். உயிர் பயத்துல அவன் வேற மாதிரி போட்டிருந்தா எனக்குத் தெரியாது."

"எங்களுக்கும் தெரியாது. அங்கேயே வெட்டிப் பாக்கறோம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

திரும்பி வரும்போது சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தோம்.  சுரங்கத்து கேட்டில் தினமும் காலையில் அன்றைய வேலைச் சீட்டுக்குக் கைநீட்டி நின்ற ஆள் பெரியண்ணன். ஒருநாள் சீட்டு இல்லையென்றால் உள்ளே விடமாட்டார்கள், அவன் பேர்கூடக் கேட்க மாட்டார்கள். அவனுக்காக ஒரு போர்க்கப்பல் இரண்டு நாள் கடலைக் கிழித்துக்கொண்டு போயிருக்கிறது. பீரங்கியோடு, இருநூறு முந்நூறு பேரோடு. அவனுடைய கைப்பழக்கத்தை ஒரு ஆபீசர் காகிதத்தில் எழுதி, என்னிடம் வாசித்துக் காட்டிச் சரிபார்க்கிறார். தூரத்தில் மிஷின் சக்கரம் சுற்றும் உறுமல் கேட்டது. பதினைந்து வருஷமாக உலகத்திலேயே பெரியது அதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாலைச் செய்தியில் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை ஏழேகால் செய்திக்கு, வாசலில் மறுபடி எல்லோரும் கூடிவிட்டார்கள். "கதவின் அடிப்பகுதியில் வெட்டப்பட்ட வழியாகப் பதினொரு பேரும் உயிருடன் மீட்கப்பட்டனர்." ஆதிலட்சுமி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். சர்க்கரை வியர்வையில் கட்டியாகியிருந்தது. அதை அப்படியே வாயில் போட்டுக்கொண்டு, என் கையை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். 

ஒன்றரை மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியண்ணன் வந்தான். கோலூன்றி, இடதுகாலை இழுத்து இழுத்து நடந்தான்.

"கீழ ஏன்டா வெறுமையா வுட்ட?" என்றேன். நலம் விசாரிக்க வாய் வரவில்லை.

"வேணும்னு வுடலண்ணே. கை அங்க வந்ததும் தானா நின்னுடுச்சி. பல்லு மாட்ட எடம் வுட்டுகிறேன் பாரு, கப்பல் கதவுல!" சிரித்தான். "கொள்ளக்காரனுங்க சுட்டதுல மேல பட்ட குண்டுலாம் வரியில தெறிச்சிடுச்சி. கீழ வெறுந்தகட்டுல பட்டதுதான் பூந்து காலுக்கு வந்துச்சி."

நான் பாயை விரித்து அவனை உட்காரவைத்தேன். அவனே தொடர்ந்தான்.

"எல்லாம் பாதி மயக்கமா கெடந்தோம்ணே. வெளிய நாலு எடத்துல தட்டிப் பாத்துகினே இருந்தாங்க. அப்பறம் நேரா கீழ வந்து, சரியா அந்த ஒரு மொழத்துல தட்டனாங்க. செவப்பா ஒரு பொட்டு தெரிஞ்சிது. தகடு வுழுந்ததும் ஒரு கை உள்ள வந்துச்சி பாரு, என் கையப் புடிச்சிகினு வுடவேயில்ல. வெளிய இஸ்துப் போட்டதும் கண்ணத் தொறக்கறேன், சாம்பக் கலர்ல மல மாதிரி நிக்குதுண்ணே அந்தக் கப்பலு. நம்ம மிஷினுலாம் ஒன்னுமே இல்ல."

போன் விஷயத்தை ஆதிலட்சுமி அவனுக்குச் சொல்லியிருந்தாளா தெரியாது. அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மடியிலிருந்து காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்துத் தரையில் வைத்தான். துறைமுகத்தில் கதவைக் கழற்றியபோது, உள்ளே கை நீட்டிய அந்தக் கடற்படைக்காரர் கதவின் விளிம்பில் ஒரு சாண் துண்டை அரைக்கும் கல்லால் மெதுவாகத் தேய்த்து அறுத்து அவனுக்குக் கொடுத்தாராம். நடுவில் ஒரே ஒரு வெல்டு வரி ஓடியது. எண்ணெய் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தான்.

எடுத்து மடியில் வைத்துக் கட்டைவிரலால் தடவினேன். நூல் பிடித்த மாதிரி நேராக வந்த வரி, நடுவில் ஓரிடத்தில் இரண்டு விரற்கடைக்கு மேலும் கீழுமாகத் துள்ளியிருந்தது.

"என்னடா கோணல் இது?" பழக்கத்தில் கேட்டுவிட்டேன்.

"வரி அங்க வர்றப்பதாண்ணே கால்ல குண்டு பட்டுது" என்றான்.

என் விரல் அங்கேயே நின்றது. அந்த இரண்டு விரற்கடையைத் தாண்டி வரி மறுபடி நேராகி, துண்டின் முனைவரைக்கும் அசையாமல் போயிருந்தது.