நாலு கண்ணாடித் துண்டுகள்

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த மெர்டேக்கா நாள் காலையில் காஜா பேராங்கிலுள்ள மாதா கோவிலின் மணிக்கூண்டில் ஏறி, சுவரில் பதித்திருந்த நாலு கண்ணாடித் துண்டுகளையும் பார்த்துவிட்டு இறங்கினேன். நாலும் முழுசாக இருந்தன. கீழே காத்திருந்த வெள்ளைக்காரப் பாதர், "போலே?" என்றார். முடியுமா என்று மலாய் மொழியில் கேட்கிறார். "போலே, பாதர்" என்றேன். மூன்று மாதமாகக் கட்டிப்போட்டிருந்த மணியை அடிக்கலாம் என்று அந்த ஒரு வார்த்தையில் முடிவாகிவிட்டது.

நான் கொத்தனார். அம்மன் கோவில், பள்ளிவாசல், சீனர் வீடு என்று எல்லாவற்றிலும் கரண்டி பிடித்திருக்கிறேன். இந்தக் கட்டடம் மட்டும் எனக்கு ஒத்துவராது. நம்முடைய கோபுரம் கீழே அகன்று சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கும். இதுவோ குதிகாலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. வளைவுகளெல்லாம் உச்சியில் கூராகி, இரண்டு பாதியும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருக்கும். ஒன்று நகர்ந்தால் மற்றதற்குப் பிடிமானம் கிடையாது. மேற்கூரையின் விலா எலும்புகள் தூணில் இறங்கும் இடங்களில், செதுக்கிய சிறகுள்ள சம்மனசுகள் பாரம் தாங்காமல் முகம் சுளித்திருக்கும். வண்ணக் கண்ணாடிச் சன்னலின் சிவப்பு வெளிச்சம் தரையில் சிந்திக் கிடக்கும். அழகுதான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனாலும் உள்ளே போனால் உச்சியை அண்ணாந்து பார்த்தபடியேதான் நிற்பேன்.

மே மாதம் மணிக்கூண்டில் விரிசல் கண்டது. வளைவின் உச்சியில் தொடங்கி மணி தொங்கும் உத்தரம்வரை ஓடியிருந்தது. அதற்குக் குறுக்கே கண்ணாடித் துண்டுகளைச் சிமெண்டில் பதித்தேன். சுவர் முடியளவு அசைந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். உடையாமல் இருந்தால் பயமில்லை. இதைப் பாதருக்குக் கையைக் காலை ஆட்டி விளக்கினேன். கீழே சிமெண்ட் குழைத்துக்கொண்டிருந்த கோகிலாவுக்கு விளக்கவில்லை. அவள் என் பெண்சாதி, எனக்குச் சித்தாளும் அவள்தான். சித்தாளுக்கு எதற்கு விளக்கம் என்று இருந்துவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஒன்பது மணிக்கு முற்றம் நிறைந்துவிட்டது. ஆளுக்கொரு காகிதக் கொடி. மணி அடிப்பவன் கோகிலாவின் தம்பி நல்லையா. மணிக்கூண்டுக்கு நேர் கீழே நின்று கயிற்றை இழுக்க வேண்டும். உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனான்.

"மச்சான், இன்னிக்கி சத்தம் உஜோங் பாசிர் வரைக்கும் கேக்கும் பாருங்க!"

கோகிலா மணிக்கூண்டை அண்ணாந்து பார்த்தபடி பக்கத்தில் வந்து நின்றாள்.

"பளிச்சினு இருக்குல்ல? முந்தாநாளு நீங்க புக்கிட் பாரு வேலைக்குப் போயிட்டீங்களா, நான் சுண்ணாம்பு அடிக்க மேல ஏறினேன். ஒங்க கண்ணாடியெல்லாம் ஒடஞ்சு கெடந்துச்சு. நல்ல நாளும் அதுவுமா சாமி இருக்கிற எடத்துல ஒடஞ்ச கண்ணாடி இருக்கலாமா? பேத்து வீசிட்டுப் புதுசு பதிச்சிட்டேன். ஒங்க வேல மாதிரியே இருக்கா?"

அச்சு அசலாக என் வேலை மாதிரியேதான் இருந்தது. அவள் தோளைப் பிடித்துத் திருப்பினேன்.

"நாலுமே ஒடஞ்சிருந்துச்சாடி?"

"நாலுந்தான்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நல்ல காரியத்துக்கு முந்தி ஒடஞ்சதப் பத்தி வாயால சொல்லுவாங்களா?"

முதல் மணி ஒலித்தது. காலுக்குக் கீழே தரை லேசாக அதிர்ந்தது. அது எனக்கு மட்டும்தான் தெரிந்ததோ என்னவோ. கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடினேன். இரண்டு கைகளையும் உயரே ஆட்டி, "நிறுத்து! நிறுத்துடா!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் என் கைகளைப் பார்த்தார்கள். அவர்களும் கைகளை உயர்த்தினார்கள். "மெர்டேக்கா!" என்றார்கள். யாரோ ஒரு சீனக் கிழவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவரைத் தள்ளிவிட்டு வாசற்படியில் ஏறினேன். இரண்டாவது மணி ஒலித்தது.

திறந்த கதவுக்கு அந்தப் பக்கம் நல்லையா நின்றான். கயிறு அடுத்த இழுப்புக்காக மேலே ஏறிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பாக ஒரு கையை உயர்த்தி, "மெர்டேக்கா, மச்சான்!" என்றான். அவன் தலையிலும் தோளிலும் சுண்ணாம்புத் தூள் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.